டீம் கிளம்பிடுச்சு... அந்த ஹோம் ரன் யாருக்குச் சொந்தம்? - ஓக்லாந்து பேஸ்பால் ரசிகர்களின் கதை!

'மனிபால்' படம் பார்த்தவங்களுக்கு அந்த சீன் மறந்திருக்காது. 11-0 என முன்னிலையில் இருக்கும் டீம், கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் கோட்டைவிட்டு 11-11 என வந்து நிற்கும். தொடர்ந்து 20-வது வெற்றி கைக்கு வந்து நழுவுற நேரம். அப்போ ஸ்காட் ஹாட்டர்பெர்க் பேட்டோடு வருவார். முழங்கை நரம்பு பாதிச்சு, பழைய மாதிரி பந்தை எறியவே முடியாதுனு மத்த டீம்கள் கைகழுவின ஆள். ஒரே அடி. பந்து ரசிகர்கள் பக்கம் போய் விழும். 12-11.

சினிமாவுக்காக எழுதின க்ளைமாக்ஸ் இல்லை இது. 2002 செப்டம்பர் 4, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கொலீசியம் மைதானத்தில் 55,528 பேர் முன்னாடி நிஜமாவே நடந்தது. ஓக்லாந்து அத்லெடிக்ஸ், ரசிகர்கள் செல்லமா கூப்பிடுற பெயரில் 'ஏ'ஸ்'.

இன்னிக்கு அந்த மைதானத்தில் பேஸ்பால் டீம் இல்லை. 2024 செப்டம்பர் 26-ம் தேதி ஏ'ஸ் அங்கே கடைசி மேட்ச் ஆடியது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸை 3-2 என ஜெயிச்சாங்க. 46,889 பேர் வந்திருந்தாங்க. மேட்ச் முடிஞ்சும் கூட்டம் கலையலை. மைதான ஊழியர்கள் ஆடுகளத்து மண்ணை அள்ளிக் கொடுக்க, அதை பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனவங்க இருக்காங்க. 57 சீசன்களுக்குப் பிறகு மிச்சமானது அந்த மண்ணும், சொல்லிச் சொல்லித் தேயாத சில நிமிடங்களும்தான்.

அந்த நிமிடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு டீம் ஊரை விட்டுப் போகும்போது கோப்பை, பெயர், கலர், ரெக்கார்டு எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். 'அன்னிக்கு அந்த பந்து எப்படிப் பறந்துச்சு தெரியுமா'ங்கிறதை எந்த லாரியில் ஏற்றுவது?

தோல்வியையும் விடமாட்டாங்க!

ஏ'ஸ் ரசிகர்கள் பழசைப் பேச ஆரம்பிச்சா, ஹாட்டர்பெர்க்குக்கு அடுத்து வர்றது பெரும்பாலும் ஒரு தோல்வி. வேடிக்கைதான், ஆனால் ரசிகர்னா அப்படித்தான்.

2001 அக்டோபர் 13. ஐந்து மேட்ச் கொண்ட ப்ளே-ஆஃப் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக ஏ'ஸ் 2-0 என முன்னிலை. மூன்றாவது மேட்ச் சொந்த ஊரில். ஜெயிச்சா தொடர் முடிஞ்சது. ஏழாவது இன்னிங்ஸில் 0-1 என பின்தங்கி இருக்காங்க. டெரன்ஸ் லாங் அடித்த பந்து வலது மூலைக்குப் போக, ஜெரமி ஜியாம்பி முதல் பேஸில் இருந்து ஓட ஆரம்பிக்கிறார். பேஸ்பாலில் நாலு பேஸையும் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன். அவர் மூன்றாவதைத் தாண்டிட்டார்.

பவுண்டரி பக்கத்தில் இருந்து வந்த த்ரோ, நடுவில் பந்தை வாங்கித் தரவேண்டிய ரெண்டு பேருடைய தலைக்கும் மேல போயிடுச்சு. ரன் உறுதினு மைதானமே எழுந்து நிக்குது. அப்போ டெரக் ஜீட்டர் எங்கிருந்தோ ஓடி வர்றார். அவர் நிற்கவேண்டிய இடம் அது இல்லவே இல்லை. பந்தைப் பிடிச்சு, ஓடுற வேகத்திலேயே பக்கவாட்டில் கேட்சருக்குத் தட்டிவிடுறார். ஜியாம்பி சறுக்கி விழாமல் நின்றபடியே ஓடி வர, கேட்சர் ஜார்ஜ் பொசாடா அவர் காலில் பந்தைத் தொட்டுட்டார். அவுட். கிரிக்கெட்டில் க்ரீஸுக்கு அரையடி முன்னால் பேட்டைத் தூக்கிப் பிடிச்சு ரன் அவுட் ஆவாங்களே, அந்த வயிற்றெரிச்சல்.

மேட்ச் 1-0 என யாங்கீஸுக்கு. தொடரும் 3-2 என அவங்களுக்கே. உலகம் அந்த நொடியை 'தி ஃப்ளிப்' என ஜீட்டரின் பெருமையாகக் கொண்டாடுது. ஓக்லாந்தில் அதே நொடிக்குப் பெயர், 'ஏன்டா சறுக்கலை?'. ஒரே நிகழ்வு, ஊருக்கு ஒரு கதை. ஹைலைட்ஸ் வீடியோவில் முதல் கதை மட்டும்தான் இருக்கு.

12,228 பேர் மட்டுமே பார்த்த அதிசயம்

எல்லா நல்ல நினைவும் ஹவுஸ்ஃபுல் மைதானத்தில் நடக்கலை. 2010 மே 9, அமெரிக்காவில் அன்னையர் தினம். டாலஸ் பிரேடன் என்ற பிட்சர், டாம்பா பே ரேஸ் அணியின் 27 பேட்டர்களையும் வரிசையாக அவுட் ஆக்கினார். ஒருத்தர்கூட முதல் பேஸைத் தொடலை. இதை 'பெர்ஃபெக்ட் கேம்' என்பார்கள். மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 18 முறைதான் நடந்திருந்தது. பிரேடனின் அம்மா புற்றுநோயில் இறந்தவர். வளர்த்தது பாட்டி. அந்தப் பாட்டி அன்று மைதானத்தில் இருந்தார். கடைசி அவுட்டுக்குப் பிறகு பேரனும் பாட்டியும் கட்டிப்பிடித்த காட்சியைச் சொல்லாமல் எந்த ஓக்லாந்துக்காரரும் இந்தக் கதையை முடிக்கமாட்டார்.

அன்றைய கூட்டம் 12,228 பேர். 'நான் அங்கே இருந்தேன்'னு இப்போ சொல்றவங்களை எண்ணினா அதைப்போல நாலு மடங்கு வரும். அதைப் பொய்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ரேடியோவில் கேட்டவர், டிவியில் பார்த்தவர், அப்பா சொல்லிக் கேட்டவர் எல்லாருமே காலப்போக்கில் அந்த சீட்டில் போய் உட்கார்ந்துக்கறாங்க.

2012 பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. ஜூன் கடைசியில் முதலிடத்தில் இருந்து 13 மேட்ச் பின்தங்கி இருந்த டீம், அக்டோபர் 3-ம் தேதி, சீசனின் கடைசி நாளில் ரேஞ்சர்ஸை 12-5 என அடித்து டிவிஷனை ஜெயித்தது. அடுத்த வாரம் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக கோகோ கிரிஸ்ப், வேலிக்கு வெளியே போகவேண்டிய பந்தை எகிறிப் பிடித்தார். மறுநாள் 1-3 என பின்தங்கிய மேட்ச்சை, கடைசி இன்னிங்ஸில் அதே கிரிஸ்ப் 4-3 என முடித்துவைத்தார். அந்தத் தொடரையும் கடைசியில் தோற்றார்கள் என்பது வேற விஷயம்.

'யாரும் வரலையே!'

சரி, இவ்வளவு பாசம் இருந்தும் டீம் ஏன் போச்சு?

உரிமையாளர் ஜான் ஃபிஷர் தரப்பு சொன்னது, மைதானம் பழசு, கூட்டம் இல்லை, புது மைதானத்துக்கு வழி பிறக்கலை. இதில் உண்மையும் இருக்கு. 1966-ல் திறந்த கொலீசியத்தில் 2013-ல் கழிவுநீர் வீரர்களின் அறைக்குள்ளேயே வந்தது. 2023-ல் கமென்ட்ரி அறையில் போசம் என்ற விலங்கு குடித்தனம் நடத்தியது. 2022-ல் ஒரு மேட்ச்சுக்கு சராசரியா 10,000 பேர்கூட வரலை.

ஆனா, கூட்டம் ஏன் குறைஞ்சதுனு ஒரு கேள்வி இருக்கே? மேட் ஓல்சன், மேட் சாப்மன் என ஜனங்களுக்குப் பிடித்த வீரர்களை வரிசையாக வேற டீமுக்கு அனுப்பினது நிர்வாகம். 2023-ல் அந்த டீம் 112 மேட்ச் தோற்றது. சாப்பாட்டில் உப்பைக் குறைச்சுட்டே வந்து, கடைசியில் 'யாரும் சாப்பிட வரலை, கடையை மாத்தறேன்'னு சொன்ன மாதிரிதான். துறைமுகப் பக்கம் புது மைதானம் கட்ட நகராட்சியோடு நடந்த பேச்சு, 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் அறிவிப்போடு நின்றுபோனது.

ரசிகர்கள் அதற்குப் பதில் சொன்ன விதம்தான் அழகு. வழக்கமா கோபம் வந்தா மேட்ச்சைப் புறக்கணிப்பாங்க. இவங்க 2023 ஜூன் 13 அன்று 'ரிவர்ஸ் பாய்காட்'னு மைதானத்தை நிரப்பினாங்க. 27,759 பேர். பச்சை டி-ஷர்ட்டில் ஒரே வார்த்தை, 'செல்'. டீமை வித்துட்டுப் போங்கனு அர்த்தம். அன்று ஏ'ஸ் 2-1 என ஜெயிக்கவும் செய்தது. அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகாஸ் மைதானத்துக்கு 380 மில்லியன் டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த நவம்பரில் டீம் உரிமையாளர்கள் 30-0 என இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டாங்க. ஒருத்தர்கூட எதிர்க்கலை.

ஓக்லாந்துக்கு இது மூன்றாவது அடி. கூடைப்பந்து டீம் வாரியர்ஸ் 2019-ல் பாலம் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனது. அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ரைடர்ஸ் 2020-ல் லாஸ் வேகாஸ் போனது. ஐந்தே வருஷத்தில் மூணும் காலி.

பிலடெல்பியாவுக்கும் இதேதான் நடந்தது

இதில் ஓக்லாந்துக்காரங்களே அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கு. ஏ'ஸ் பிறந்தது ஓக்லாந்தில் இல்லை. 1901-ல் பிலடெல்பியாவில் ஆரம்பித்து, 1955-ல் கன்சாஸ் சிட்டி போய், 1968-ல்தான் ஓக்லாந்துக்கு வந்தது. டீம் கணக்கில் உள்ள 9 வேர்ல்டு சீரிஸ் கோப்பைகளில் நான்குதான் ஓக்லாந்தில் வென்றவை: 1972, 73, 74, 89. மீதி ஐந்தும் பிலடெல்பியாவுடையவை.

1929 வேர்ல்டு சீரிஸின் நாலாவது மேட்ச்சில், சிகாகோ கப்ஸிடம் 0-8 என பின்தங்கி இருந்த பிலடெல்பியா ஏ'ஸ், ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் 10 ரன் எடுத்து 10-8 என ஜெயித்தது. ஹாட்டர்பெர்க் கதையைவிடப் பெரிய கதை. ஆனால் ஓக்லாந்தில் எந்த அப்பாவும் இதைப் பிள்ளைக்குச் சொல்லித் தூங்கவைத்ததாகத் தெரியலை. ரெக்கார்டு புத்தகம் டீமோடு வந்தது, நினைவு வரலை. பார்த்தவங்க பிலடெல்பியாவிலேயே வயசாகிப் போய்ச் சேர்ந்துட்டாங்க. 2028-ல் லாஸ் வேகாஸ் மைதானம் திறக்கும்போது ஹாட்டர்பெர்க்கின் வீடியோ பெரிய ஸ்க்ரீனில் ஓடலாம். பார்க்கிற பையனுக்கு அது 1929 மாதிரிதான் இருக்கும்.

வேற வழியே இல்லையானா, இருந்தது. 1996-ல் க்ளீவ்லாந்து ஃபுட்பால் டீமை பால்டிமோருக்குக் கொண்டுபோனபோது, 'ப்ரவுன்ஸ்' என்ற பெயரும் கலரும் வரலாறும் ஊரிலேயே இருக்கட்டும் என ஒப்பந்தம் போட்டாங்க. 1999-ல் அதே பெயரில் புது டீம் வந்தது. ஓக்லாந்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு நடக்கலை. பெயர் டீமோடு போயிடுச்சு. இடைக்காலத்தில் அவங்க ஆடுறது சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் மட்டும் அமரக்கூடிய மைனர் லீக் மைதானத்தில். அங்கே டீமின் பெயரில் எந்த ஊரும் கிடையாது, வெறும் 'அத்லெடிக்ஸ்'. 2025 மார்ச் 31 அன்று அங்கே நடந்த முதல் மேட்ச்சில் 3-18 என தோற்றாங்க. ஓக்லாந்தில் யாராவது சிரிச்சிருந்தா தப்பு சொல்லமுடியாது.

ரிக்கி

ஓக்லாந்தில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன், 1991 மே 1 அன்று கொலீசியத்தில் மூன்றாவது பேஸைத் திருடி, லூ பிராக்கின் 938 என்ற ரெக்கார்டை உடைத்தார். பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடுறதைத்தான் 'ஸ்டீல்' என்பார்கள். பேஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கி நின்ற அந்தப் போட்டோ ஊரில் எத்தனை சுவர்களில் இருக்கோ! கடைசியில் 1,406 ஸ்டீல்களோடு முடித்தார். இன்னும் யாரும் கிட்டே வரலை. கடைசி மேட்ச்சில் சம்பிரதாயத்துக்கு முதல் பந்து எறிய அவரும் டேவ் ஸ்டூவர்ட்டும் வந்தாங்க. மூணு மாசம் கழித்து, 2024 டிசம்பர் 20-ல், 65 வயதில் ரிக்கி இறந்துட்டார்.

ஏ'ஸ் கிளம்பின அதே 2024-ல், வெஸ்ட் ஓக்லாந்தில் ரைமண்டி பார்க் என்ற சின்ன மைதானத்தில் 'ஓக்லாந்து பாலர்ஸ்'னு ஒரு டீம் ஆட ஆரம்பிச்சது. மேஜர் லீக் இல்லை, பயனியர் லீக். ரசிகர்களே பணம் போட்டுப் பங்கு வாங்கியிருக்காங்க, ஒரு மில்லியன் டாலருக்கும் மேல. 2025-ல், ரெண்டாவது சீசனிலேயே, லீகை ஜெயிச்சுட்டாங்க. அதுல யார் அடிச்சாங்க, யார் பிடிச்சாங்கனு நமக்கு எந்த 'மனிபால்' படமும் சொல்லப்போறதில்லை. தெரிஞ்சுக்கணும்னா அன்னிக்குப் பார்த்தவங்ககிட்டதான் கேட்கணும்.