தீட்டு எத்தனை நாள்?

சென்ற வாரம் உயர்தர வகுப்பில் ஆசௌசம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்தான். "சேர், சாவு வீட்டாருக்குப் பதினாறாம் நாள் தீட்டுக் கழிகிறது. குழி வெட்டிய என் அப்பாவுக்கு எப்போது கழியும்?" என்றான். (அவன் இசைவுடனேயே எழுதுகிறேன்.) எனக்கு உடனே விடை வரவில்லை.

கிறிஸ்தவ சமயம் கற்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "எங்கள் பழைய ஏற்பாட்டிலும் இந்தக் கணக்கு உண்டு" என்று எண்ணாகமத்தை எடுத்துக் கொடுத்தார். பண்டை இஸ்ரவேலர் தீட்டு விடயத்தில் நமக்கு இளைத்தவரல்லர். பிணத்தைத் தொட்டவனுக்கு 7 நாள். சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பலை ஊற்றுநீரிற் கலந்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவன்மீது தெளிப்பர். பின் ஆடை தோய்த்துக் குளித்து, மாலையில் அவன் சுத்தனாவான். வேடிக்கை யாதெனில், அச்சாம்பலை அள்ளியவனுக்கும் மாலைவரை தீட்டு! ஆண் மகவை ஈன்றவளுக்கு 40 நாள், பெண் மகவாயின் 80. இரட்டிப்புக்கு லேவியராகமம் காரணம் கூறவில்லை. நம் பாட்டிமாரும் இத்தகைய கேள்விகளுக்குக் காரணம் கூறியதில்லை.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஈனுவதும் புதைப்பதும் அவர்களுக்குப் பாவமல்ல. கடமையைச் செய்தவனுக்கே தீட்டு வந்தது, ஆலயத்தை அணுகவொட்டாது சில நாள் தடுத்தது, பின் போயிற்று. தோல்நோயாளியைப் பாளையத்துக்கு வெளியே இருத்தினர், அது கொடுமைதான். எனினும் நோய் நீங்கியதும் ஆசாரியனே வெளியே சென்று பார்த்து, அவனை உள்ளே சேர்க்கும் சடங்கையும் வகுத்திருந்தனர். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் இவ்விதிகளிற் பெரும்பாலானவை வழக்கொழிந்தன.

நம் தோட்டங்களில்? நான் சிறுவனாயிருந்த நாளில், தப்படித்தவருக்கும் குழி வெட்டியவருக்கும் தேநீரைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். இன்று சிரட்டை இல்லை. கலியாணப் பேச்சு எழும்போது மட்டும் பழைய கணக்கு வெளியே வருகிறது. பிணத்துக்குரிய வீட்டாரின் தீட்டை நாளால் அளந்தோம். அவர்களுக்கு உதவியவரின் தீட்டையோ பிறப்பால் அளந்து, மகனுக்கும் எழுதி வைத்தோம். இதற்குத் தீட்டென்று பெயரிட்டதே பிழை.

மறுநாள் மாணவனிடம், "எல்லாரையும் போலத்தான். வீட்டுக்கு வந்து குளித்ததும் உன் தந்தைக்குத் தீர்ந்துவிட்டது" என்றேன்.

"இதைத் தோட்டத்துக்கு வந்து சொல்வீர்களா, சேர்?" என்றான்.

வருகிற ஞாயிறு பசறை பஸ் ஏறுவதாயிருக்கிறேன்.