மொட்டிலா, இலையிலா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முருங்கைக்காயின் எடையைக் குறித்துவைக்க ஆளுண்டு. அதே மரத்தில் வளரும் அந்துப்பூச்சியைக் குறிப்போர் அரிது. அவற்றுள் நூர்டா பிளிட்டியாலிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். 1938இல் பெயர் பெற்ற நூர்டா மோரிங்கேயின் புழுவோ மொட்டைக் குடைந்து உதிர்க்கும். இரண்டும் பழுப்பு முன்னிறகுக்காரர்கள், மோரிங்கே சற்றே சிறியது, அவ்வளவுதான். விளக்கடியில் எடுத்த படத்தை வைத்து எது எதுவெனச் சொல்ல முடியுமா என்பார்கள். பல நேரம் முடியாது, சரிதான். அதனால்தான் புழு இருந்தது இலையிலா மொட்டிலா, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். படத்தைவிட அந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம். மருந்தடித்தால் தீர்ந்தது, பெயரெதற்கு என்பது விவசாயியின் கேள்வி. மொட்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை மேலே தெளித்த மருந்து எளிதில் எட்டாது; அதன் தாய்ப்பூச்சி எப்போது முட்டையிடுகிறது என்பதற்கு அந்தந்தத் தோட்டத்துக் குறிப்பு இருந்தால்தான் தெளிப்புக்கு நாள் பார்க்க முடியும்.