ஜாக்கி தூக்கும், தாங்காது!

அமெரிக்காவில் கார் வைத்திருக்கிறவர்களில் பலர் ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது மாதிரியான வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். மெக்கானிக் கூலி அங்கே அப்படி! வீட்டோடு ஒட்டிய கராஜ், ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்... போதும். சாதாரணக் கார் என்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே தகராறு. காருக்கு அடியில் ஜாக்கியே நுழையாது.

செவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்தாம் தலைமுறையை 'சி-5' என்பார்கள். 1997 முதல் 2004 வரையிலான மாடல்கள். மொத்த உயரமே சுமார் 120 சென்டிமீட்டர், எடை ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு வேடிக்கை, இந்தக் காரோடு கம்பெனி ஜாக்கியே கொடுக்கவில்லை. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர் போட்டாயிற்று, அதனால் ஸ்டெப்னி வேண்டாம், ஸ்டெப்னி இல்லாதபோது ஜாக்கி எதற்கு என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஆயில் மாற்ற வேண்டாமா? இந்தக் காரில் கியர்பாக்ஸ் வேறு பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆக, முன்பக்கமும் தூக்க வேண்டும், பின்பக்கமும் தூக்க வேண்டும்.

தாழ்ந்த கார் வைத்திருக்கிறவர்களின் கவனமெல்லாம் முதல் ஐந்து சென்டிமீட்டரிலேயே செலவாகிவிடுகிறது. சாதாரண டிராலி ஜாக்கியின் தலை, இறக்கி வைத்த நிலையிலேயே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். காருக்கும் தரைக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. அதனால் எட்டு, ஒன்பது சென்டிமீட்டரில் படுத்துக்கிடக்கும் தட்டை ஜாக்கியாகப் பார்த்து வாங்குகிறார்கள். அல்லது சக்கரங்களை மரப்பலகை மேல் ஏற்றிக்கொள்கிறார்கள். (அமெரிக்க மரக்கடையில் 'இரண்டு அங்குலப் பலகை' என்று விற்பது உண்மையில் ஒன்றரை அங்குலம்தான், இழைத்த பிறகு மிஞ்சுவது அவ்வளவே. ஆனாலும் அந்தக் கூடுதல் உயரம் போதும்.) இத்தனை பாடுபட்டு ஜாக்கியை உள்ளே தள்ளி, கார் மேலே எழும்பியதும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்று மனசு சொல்லிவிடுகிறது. "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று தலையை அடியில் விடுகிறார்கள்.

ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. ஒன்றரை டன் காரை ஒரு கை பலத்தில் தூக்க முடிவது அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு வால்வும் சில ரப்பர் வளையங்களும். வளையம் தேய்ந்தால் கார் மெதுவாக இறங்கும், வால்வு விட்டுக்கொடுத்தால் மெதுவாகக்கூட இறங்காது. உயரமான ஜீப் விழுந்தால் அடியில் இருப்பவருக்குக் கொஞ்சமாவது இடம் மிஞ்சலாம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஓடும் கார் விழுந்தால் என்ன மிஞ்சும்?

அதனால் யோசிக்க வேண்டிய வரிசையையே திருப்பிப் போட வேண்டும். காரை எப்படித் தூக்குவது என்பது இரண்டாவது கேள்வி. தூக்கிய கார் எதன்மேல், எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்போர்ட்ஸ் காரில் இதற்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. சி-5 காரின் சட்டத்தில் முன்சக்கரங்களுக்குப் பின்னாலும் பின்சக்கரங்களுக்கு முன்னாலுமாக நான்கு இடங்களில் துளைகள் உண்டு. அந்தத் துளையில் ஐஸ் ஹாக்கி வில்லை மாதிரி ஒரு வட்டத் துண்டைச் செருகித் திருப்பிவிட்டு, அதன்மேல்தான் ஜாக்கியை வைக்கிறார்கள். வில்லை இல்லாமல் வைத்தால் ஜாக்கியின் அகலமான தலை, பக்கத்திலிருக்கும் ஃபைபர் பலகையில் முட்டி அதை உடைத்துவிடும். இந்தக் காரின் சஸ்பென்ஷனில் குறுக்காக ஓடும் வில்பட்டையும் இரும்பல்ல, கண்ணாடி நார் கலவை. பார்க்க உறுதியாக இருக்கிறதே என்று அதற்கு ஜாக்கி கொடுத்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

சரி, வில்லையில் ஜாக்கி வைத்துத் தூக்கியாயிற்று. இப்போது ஸ்டாண்டை எங்கே வைப்பது? ஸ்டாண்டு போக வேண்டிய அதே இடத்தில்தான் ஜாக்கி நிற்கிறது! இந்த இடத்தில் மாட்டிக்கொண்டுதான் பலர் "ஜாக்கியே போதும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். சோம்பேறித்தனத்தைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். ஜாக்கியின் மேல் நீளமான குறுக்குக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அடிச்சட்டத்தின் பலமான இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் தூக்கி, நான்கு புள்ளிகளையும் ஸ்டாண்டுக்கு விட்டுவிடுவது ஒரு வழி. எந்த இடம் பலமானது என்பதைச் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல. வெறும் ஆயில் மாற்றுவதற்கு என்றால் ஜாக்கியே வேண்டாம், சரிவு குறைந்த நீளமான சாய்தளத்தில் ஓட்டி ஏற்றிவிடலாம். கையில் காசு இருப்பவர்கள் 'குவிக்ஜாக்' மாதிரியான சாதனத்தை வாங்குகிறார்கள். ஒரு பக்கத்து இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தூக்கிவிட்டு, இரும்புத் தடுப்பில் பூட்டிக்கொள்ளும். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆனால் அது எண்ணெயை நம்பி நிற்பதில்லை, இரும்பை நம்பி நிற்கிறது.

பின்பக்கம் தூக்கும்போது இன்னொரு விஷயம். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, கியரிலும் நிற்கிறது, கார் எங்கே நகரும் என்று தோன்றும். ஆனால் சி-5 காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை, இன்ஜின் இழுப்பதும் பின்சக்கரங்களைத்தான். அந்த இரண்டு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கும்போது தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவுமே இல்லை. நம்ம ஊர் லாரி கிளீனர் வண்டி நின்றதும் முதல் வேலையாகக் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவாரே, அதே கட்டைதான் இங்கேயும் காரை நிறுத்தும்.

ஸ்டாண்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் கடைகள், தாங்கள் 'பிட்ஸ்பர்க்' என்ற பெயரில் விற்ற மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகளைத் திரும்ப அழைத்தன. பல்லில் மாட்டி நிற்க வேண்டிய கொக்கி பாரத்தோடு நழுவக்கூடும் என்று தெரிய வந்தது. அதற்கு மாற்றாகக் கொடுத்த மூன்று டன் ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை என்று ஜூலையில் மறுபடி திரும்ப அழைத்தார்கள். இதைச் சொல்வது ஸ்டாண்டு வேண்டாம் என்பதற்காக அல்ல, ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காக. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. கார் விழுந்தாலும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் விழும். அடியில் போவதற்கு முன் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி ஆட்டிப் பார்க்க வேண்டும், விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். ஹாலோ பிளாக் கல் மட்டும் கூடவே கூடாது. சுவரில் எவ்வளவு பாரம் தாங்கினாலும், ஒரே புள்ளியில் பாரம் இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

கார் கம்பெனிகள் மீதும் குறை இருக்கிறது. அத்தனை சிரமப்பட்டு வடிவமைக்கிற காரில், ஜாக்கிக்கு ஓர் இடமும் அதன் அருகிலேயே ஸ்டாண்டுக்கு ஓர் இடமும் வைத்து அம்புக்குறி போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? வாங்கியவர் டீலரிடம்தான் வருவார் என்ற நினைப்பு புதுக் காருக்குப் பொருந்தலாம். இருபது வருடம் கழித்து நாலாவது கை மாறி வாங்கியவர் டீலரிடம் போகமாட்டார். கராஜில்தான் படுத்திருப்பார்.

வேலை முடிந்து இறக்கும்போது நடக்கிற ஒரு கூத்தும் உண்டு. பலகை மேல் ஏற்றித் தூக்கியவர், கார் அந்தரத்தில் நிற்கும்போது இடம் அடைக்கிறதே என்று பலகைகளை உருவி ஓரமாக வைத்துவிடுவார். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு நிதானமாக, பத்திரமாகக் காரை இறக்குவார். கார் தரையைத் தொடும், ஜாக்கி அடியில் சிக்கிக்கொள்ளும். அதை வெளியே எடுக்க இன்னொரு ஜாக்கி வேண்டும், அதுவோ உள்ளே நுழையாது :)