நடை தரும் யந்திரமும் ஏழை மக்களும்

நண்டின் உடலைத் தாங்கும் வன்மை அதன் புற ஓட்டிலேயே அமைந்துள்ளதென்பதை யாவரும் அறிவர். அங்ஙனமே மனிதனுடைய கால்களின் புறத்தே இலேசான உலோகச் சட்டங்களைப் பிணைத்து, மூட்டுகளில் மின்சார மோட்டார்களைப் பொருத்தி, கால் வழங்காதாரை எழுந்து நடக்கச் செய்யும் யந்திரத்தைப் புறச்சட்டகம் எனலாம். 1997-ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்தினால் கைகால்களின் வன்மை இழந்த இஸ்ரேல் தேசத்துப் பொறியியலார் அமித் கோஃபர் என்பார் அமைத்த 'ரீவாக்' என்னும் சட்டகம், 2014-இல் அமெரிக்க அரசாங்கத்தாரின் அனுமதி பெற்றது. எனினும் இத்தகைய யந்திரங்களின் விலை பல்லாயிரம் டாலராதலின், ஏழைக்கு அஃது எட்டாக்கனியாகவே உள்ளது.

இதனை மலிவாகச் செய்தல் இயலுமோ எனின், இயலும் என்பதே எம் கருத்து. ஆனால் மலிவு என்பது தாழ்ந்த பொருளைக் கொண்டு அதே யந்திரத்தைச் செய்தலன்று. வேண்டாதது எது எனத் தெளிந்து விடுதலேயாம்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1965-இல் தொடங்கிய 'ஹார்டிமன்' இதற்கோர் எச்சரிக்கை. உடல் முழுமைக்கும் வலிமை தந்து, 1,500 பவுண்டு எடையைத் தூக்க வேண்டுமென்பது அவர்தம் நோக்கம். யந்திரமோ தானே ஏறக்குறைய அவ்வெடை கொண்டிருந்தது; முழுவதையும் இயக்க முயன்றபோது கட்டுக்கடங்காது துள்ளிற்று; இறுதியில் ஒரு கை மட்டுமே செவ்வனே இயங்கிற்று. இதற்கு மாறாக, கலிபோர்னியாவில் பேராசிரியர் கஜெரூனியின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட 'ஃபீனிக்ஸ்' இடுப்பு மூட்டுகளில் மட்டுமே மோட்டார் உடையது. முழங்கால் மூட்டோ நிற்குங்கால் இறுகி, அடியெடுத்து வைக்குங்கால் நெகிழும். எடை ஏறத்தாழ 12 கிலோ. 2016-இல் அதன் விலை 40,000 டாலராக இருந்தது. இதுவும் ஏழைக்கு மிகையே. ஆயினும் செல்ல வேண்டிய திசை இதுவேயாம்.

ஆதலின் இத்துறையில் இறங்கும் மாணவர், முழுச் சட்டகத்தையும் ஒருங்கே செய்யக் கருதாது, ஒரு மூட்டு, ஒரு செயல் என வரையறுத்துக் கொள்வாராக. நாற்காலியினின்று எழுதற்கு முழங்காலுக்குத் துணைபுரியும் யந்திரமொன்று செவ்வனே அமையுமாயின், அதுவே பெரும் பயன்.

சிக்கனம் கூடாத இடங்களும் உள. முழங்கால் பின்புறமாக மடியாவண்ணம் காக்கும் தடை, கணிப்பொறிக் கட்டளையால் மட்டுமின்றி உறுதியான உலோகத்தாலும் அமைதல் வேண்டும். கட்டளை பிழைக்கலாம், உலோகத் தடை எளிதிற் பிழையாது. தண்டுவடம் பழுதுற்றார் பலர்க்குக் காலில் உணர்ச்சியின்மையால், பட்டை அழுத்திப் புண்ணாயினும் அவர் அறியார். எனவே மெத்தையிலும் பட்டையிலும் காசு மிச்சம் பிடித்தல் கொடுமையாம். பாரம் கட்டிய மரக்காலில் பன்முறை சோதித்த பின்னரன்றி, மருத்துவர் துணையின்றி, எவர் காலிலும் அதனைப் பூட்டலாகாது.

1968-இல் ஜெய்ப்பூரில் ராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் சேதி என்பாரும் கூடி அமைத்த ரப்பர்ப் பாதம், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும், குந்தி அமரவும் உதவிற்று. நம்மவர் வாழ்க்கையை நோக்கிச் செய்தமையாலேயே அது மலிவும் ஆயிற்று, சிறப்பும் பெற்றது. பொறியியல் மாணவரும், மருத்துவரும், பட்டறைத் தொழிலாளியும், கால் வழங்காத அன்பரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்வாராயின், புறச்சட்டகத்திற்கும் அந்நாள் வாராதிராது.