எது எல்லாம் போச்சு?

"இடுப்புக்குக் கீழே எல்லாம் போச்சு." முதுகுத் தண்டுவடம் அடிபட்ட பெண்ணைப் பற்றி நம் ஊரில் முதலில் சொல்லப்படுவது இதுதான். மருத்துவமனை வராந்தாவில், மாமியார் வாயில், சில நேரம் மருத்துவர் வாயிலேயே. தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளுக்கு அந்த 'எல்லாம்' உறுத்துகிறது.

தண்டுவடம் மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி போய்வரும் நரம்புக் கற்றை. அடிபட்ட இடத்துக்குக் கீழே செய்தி தடைபடும். கழுத்தில் என்றால் கையும் காலும், முதுகில் என்றால் கால்கள். சிறுநீரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். உணர்வற்ற தோல் அழுந்திப் புண்ணாகும். இவ்வளவையும் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

சொல்லாமல் விடுவது கருப்பையைப் பற்றி. அது எங்கும் போகவில்லை. அடிபட்டதும் சில மாதம் மாதவிலக்கு நிற்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். கருத்தரிக்கும் திறனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விறைப்பும் விந்து வெளியேற்றமும் சிக்கலாவது ஆணுக்குத்தான். ஆனால் அடிபட்ட கணவனுக்கு மனைவி குழாய் மாற்றினால் அது கடமை. அடிபட்ட மனைவியைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டால் 'பாவம், அவன் என்ன செய்வான்!'

என் முன்னாள் மாணவி ஒருத்திக்கு ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் போகும்போது துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்து முறிந்தது. சில மாதம் கழித்து மாதவிலக்கு வந்தபோது, "இனி இது எதுக்கு?" என்று கருப்பையை எடுத்துவிடப் பேச்சு நடந்தது. அவள் அதே அறையில்தான் கிடந்தாள். அம்மாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். நாப்கின் மாற்றுகிறவர் அவர் ஒருவர்தான். தோள்கொடுக்க வேறு யாரும் வரவில்லை. அவள் என்னிடம் சொன்னாள்: "மேடம், எனக்கே உணர்ச்சி இல்லாத இடத்தப் பத்தி ஊர்ல எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கு."

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதைத் தெளிவாகவே தடுக்கிறது: சம்மதமில்லாமல் யாரையும் மலடாக்கும் சிகிச்சை கூடாது. அதே சட்டம் கருக்கலைப்புக்கு வரும்போது ஒரு பெயரடையை நுழைக்கிறது. ஊனம் 'கடுமையானது' என்றால் மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் போதும். பெண்ணின் வாய்க்கு அங்கே வேலையில்லை. தண்டுவடம் அடிபட்டவளுக்கு மூளை அடிபடவில்லை என்று யார் போய்ச் சொல்வது?

நமக்குத் தன்னம்பிக்கைக் கதைகள் பிடிக்கும். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வுத் துறையையே உருவாக்கினார். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் கொண்டாடும் மேடைகளில் சக்கர நாற்காலிப் பெண்ணுக்கு மனம் மட்டும்தான் உண்டு. ஆசை, உதிரம், பிள்ளைப்பேறு கிடையாது.

அறியாமையின் விலை சின்னதல்ல. மார்புப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவளுக்குப் பேறுகாலத்தில் ரத்த அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்; பிரசவ வார்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மாணவி போன மகளிர் மருத்துவப் பிரிவிலோ பரிசோதனைக் கட்டிலே இடுப்புயரம். இரண்டு ஆண் ஊழியர்கள் தூக்கி வைத்தார்கள். "கல்யாணம் ஆகலையே, எதுக்கு வந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டார்கள்.