உழைக்கும் கைகளை யார் காப்பது?

நம்மவரின் குடும்பங்கள் இன்று பல நாடுகளிலே சிதறி வாழ்கின்றன. தம்பி புகலிடம் தேடி ஐரோப்பா வந்திருப்பார். தமையனார் சார்ஜாவிலோ டோகாவிலோ வாகனம் திருத்திக்கொண்டிருப்பார். வளைகுடா அரபு நாடுகளில் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையவில்லை. ஆகவே அங்கு செல்பவர் அகதியாக அன்றித் தொழிலாளியாகவே தங்க முடியும். அவருடைய விசா வேலையிலே தங்கியிருக்கின்றது; வேலையோ அவருடைய இரு கைகளிலே தங்கியிருக்கின்றது. அந்தக் கைகளைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

சார்ஜாவின் தொழிற்பேட்டையில், நம்மவர் 'சனாயியா' என்றழைக்கும் பகுதியில், நானும் சில காலம் ஒரு பட்டறையிலே வேலை செய்தேன். மாலையில் கைகழுவுமிடத்தில் வெட்டிய தகரப் பேணியொன்றில் பெற்றோல் இருக்கும். சில நாள்களில் தின்னர். அதிலே கையைத் தோய்த்துக் கரியையும் கிறீசையும் கரைப்போம். பின்னர் துணி துவைக்கும் தூளை மணலுடன் சேர்த்துத் தேய்ப்போம். கோடையில் கூரைத் தாங்கியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். ஆயினும் கை வெளுத்தால் அதுவே சுத்தம் என நம்பினோம். சில மாதங்களில் விரல் மொழிகள் வெடித்தன. சோற்றைப் பிசையும்போது உப்பும் உறைப்பும் அந்த வெடிப்புகளில் எரிந்தன. முதலாளியிடம் சொன்னபோது, "பழகிவிடும்" என்றார். பழகவில்லை.

பழகாமைக்குக் காரணம் உண்டு. தோலின் மேற்படையிலே இயற்கையான கொழுப்பு உள்ளது. நீர் வெளியேறாமலும் நஞ்சு உட்புகாமலும் காப்பது அதுவே. பெற்றோலும் தின்னரும் கிறீசுடன் சேர்த்து அக்கொழுப்பையும் கரைத்துவிடுகின்றன. காரமான தூளும் சுடுநீரும் எஞ்சியதை அகற்றுகின்றன. தோல் வறண்டு, சிவந்து, வெடித்து அழற்சி கொள்கின்றது. வெடித்த தோலினூடாக எண்ணெயும் கிருமியும் இலகுவாகப் புகுகின்றன. எனவே கையை அதிகம் கெடுப்பது பல வேளைகளில் அழுக்கு அன்று. அழுக்கைப் போக்க நாம் கையாளும் முறையே.

இதற்கு மேலும் ஆபத்து உண்டு. 1775இல் பேர்சிவல் பொற் என்னும் ஆங்கிலேய வைத்தியர், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையில் தோன்றிய புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் எனக் கூறினார். பிற்காலத்தில் லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளரிடமும் அதே நோய் காணப்பட்டது. இயந்திர எண்ணெய் ஊறிய உடைகளே அதற்குக் காரணம். வாகனத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயிலும் புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்கள் உள்ளன. எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையிலே செருகித் திரிவோரும், கழுவாத கையுடன் சிறுநீர் கழிக்கச் செல்வோரும் இதனை மனங்கொள்ள வேண்டும்.

நம்மவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. எமிரேட்ஸ் அடையாள அட்டைக்கு விரலடையாளம் வேண்டும். ஐரோப்பாவிலே புகலிடம் கோருவோரின் கைரேகைகள் 2003 முதல் யூரோடாக் தொகுப்பிலே பதியப்படுகின்றன. கடும் தோலழற்சியால் ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. தோல் ஆறியதும் பெரும்பாலும் ரேகை மீளும். ஆனால் அலுவலக வரிசையில் நிற்பவரிடம் ஆறும்வரை பொறுக்க நேரம் இராது.

பொறுப்பு யாருடையது? ஐக்கிய அரபு எமிரேட்சில் 2022 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டம், தொழில்சார் நோய்களிலிருந்து தொழிலாளரைக் காக்கும் சாதனங்களை வழங்குவது முதலாளியின் கடமை என்கின்றது. 1980ஆம் ஆண்டின் பழைய சட்டமும் அவ்வாறே கூறியது. எனினும் அங்கே தொழிற்சங்கம் இல்லை. விசா முதலாளியின் கையில் இருக்கத் தனியொருவர் வாய்திறக்க அஞ்சுவது இயல்பே. ஆனால் பட்டறையிலுள்ளோர் யாவரும் ஒன்றாகச் சென்று, கைகழுவும் பசையும் நைட்ரைல் கையுறையும் கேட்பது கிளர்ச்சி ஆகாது. பட்டறையின் மாதச் செலவிலே அது மிகச் சிறு தொகை. "ஆண்பிள்ளையின் கை கரடுமுரடாகத்தான் இருக்கும்" என்போருக்கு ஒன்று கூறுவேன்: காய்ப்பு உழைப்பின் அடையாளம், வெடிப்பு நோயின் அடையாளம்.

முதலாளி தரும்வரை நாமே செய்யக்கூடியவையும் உள. வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கையுறை கிழிந்தாலோ உள்ளே எண்ணெய் புகுந்தாலோ உடனே மாற்ற வேண்டும். ஆனால் கடைசல் இயந்திரத்திலும் துளையிடும் இயந்திரத்திலும் கையுறை ஆகாது. அது சுழற்சியிலே சிக்கிக் கையையே இழுத்துவிடும். வேலை முடிந்ததும் சமையல் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ கையிலே தேய்த்து, கிறீஸ் இளகியபின் துணியால் துடைத்து, மென்மையான சவர்க்காரமிட்டுச் சூடற்ற நீரிலே கழுவ வேண்டும். உரசத் தேவையெனின் மணலுக்குப் பதில் சீனி போதும். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து வாஸ்லின் பூசிப் படுத்தால் காலையில் தோல் தேறியிருக்கும். கிறீஸ் அடிக்கும் கருவியின் அழுத்தத்தால் விரலிலே சிறு துளை விழுந்தால், நோவு இல்லாவிடினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தவர்கள் விரலை இழந்திருக்கின்றனர்.

மாதந்தோறும் பணம் வந்துசேர்ந்ததா எனத் தொலைபேசியில் விசாரிக்கும் நாம், "கை எப்படி இருக்கிறது, அண்ணா?" என்றும் ஒருமுறை கேட்போமாக. அவர் விடுமுறையில் வரும்போது பெட்டியைத் திறக்குமுன் அவருடைய கைகளைப் பார்ப்போமாக. நமது அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்தக் கைகளால் அல்லவா?