நின்ன வண்டிக்கு செல்ஃப் அடிக்காதீங்க

ரெண்டு மூணு வருஷம் நின்ன லாரியைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு ஏனோ கை அரிக்கும். எங்கிருந்தாவது ஒரு பேட்டரியைக் கொண்டு வந்து மாட்டி செல்ஃப் அடிச்சுப் பார்ப்பாங்க. சுத்தலையா, முன்னாடி ஒரு டிராக்டரை விட்டு, கயிறு கட்டி இழுத்து, செகண்ட் கியர்ல கிளட்சை விடுவாங்க. இது வைத்தியம் இல்லீங்க, கொலை. சொன்னா "பொட்டி தட்டுறவனுக்கு என்ன தெரியும்"னு ஒரு பார்வை வரும். வரட்டும்.

ஓடித் தேயற இஞ்சினை விட நின்னு கெடற இஞ்சின்தான் பாவம். நாலு சிலிண்டர் டீசல் இஞ்சினில் ஃபயரிங் ஆர்டர் பெரும்பாலும் 1-3-4-2. ஒண்ணாம் சிலிண்டர் பவர் ஸ்ட்ரோக்கில் இருக்கும்போது வண்டி நின்னுதுன்னு வைங்க. அப்போ மூணாவது கம்ப்ரஷன், நாலாவது சக்‌ஷன், ரெண்டாவது எக்ஸாஸ்ட். அதாவது ரெண்டாவதோட எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே தூங்குது. சைலன்சர் வழியா மழைக்கால ஈரம் நேரா உள்ளே போய் லைனர் துருப்பிடிக்கும், பிஸ்டன் ரிங் அதோட ஒட்டிக்கும். ஹெட் காஸ்கெட்டும் போயிருந்தா பிஸ்டன் தலையில தண்ணியே தேங்கி நிக்கும். காத்தை 17, 18-ல் ஒரு பங்கா அமுக்குற இஞ்சின் அது. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. டிராக்டர் விடாம இழுக்கும், பிஸ்டன் ஏற மாட்டேங்கும், நடுவுல மாட்டின கனெக்டிங் ராடு வளைஞ்சுக்கும். முப்பது ரூபா டீசலும் நாலு நாள் பொறுமையும் முடிக்கிற வேலை அத்தோட பெரிய செலவாயிடும்.

எங்க மாமாவோட பழைய டாடா 407 திருச்செங்கோடு பக்கம் வேப்பமரத்தடியில இப்படித்தான் நின்னுட்டிருந்தது. மஞ்சள் மூட்டை ஏத்தி ஈரோடு மண்டிக்கு ஓட்டிட்டிருந்தவர், முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு வருஷமா வண்டியைத் தொடலை. காயலான் கடைக்காரர் வந்து பார்த்து கிலோ கணக்குல விலை சொல்லிட்டுப் போயாச்சு. ஒரு பட்டறையில் ஆளைக்கூட அனுப்பாம போன்லயே எஸ்டிமேட் கொடுத்தாங்க: பிஸ்டன் லைனர் செட்டு, கிராங்க் கிரைண்டிங், எல்லாம் புதுசு. கண்ணால பார்க்காத இஞ்சினுக்கு! ஆபீஸ்ல லாக் ஃபைலைத் திறக்காமலே "சர்வரை மாத்திடலாம்"ங்கிற மேனேஜர் ஞாபகம்தான் வந்தது :-)

அதனால வீட்டுலயே இறக்கினோம். நான் சொல்ல வர்ற விஷயமும் இதுதான். இஞ்சின் வேலையில முக்கால்வாசி கழட்டுறது, கழுவுறது, பேர் எழுதி வைக்கிறது, அளக்கிறது. இதுக்கெல்லாம் தேவை நேரம். பட்டறைக்காரர்கிட்ட இல்லாதது அதுதான், அவரைக் குத்தம் சொல்ல முடியாது, வாசல்ல அடுத்த வண்டி நிக்குது. லைனர் போரிங், கிராங்க் கிரைண்டிங், பம்ப் நாசில் டெஸ்ட் இந்த மூணையும் மட்டும் வீட்டுல தொடாதீங்க. டீசல் பம்ப் பிளஞ்சரோட இடைவெளி மைக்ரான் கணக்கு, நம்ம ஸ்பேனருக்கு அங்கே வேலை இல்லை.

நாசிலைக் கழட்டி, தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு, நாலு சிலிண்டரிலும் டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற விட்டோம். நாலாம் நாள் கிராங்க் புல்லி போல்ட்ல நீளக் கம்பி போட்டு, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம்னு ஆட்டினதும் அசைஞ்சு கொடுத்தது. அதுக்கப்புறம்தான் ரேடியேட்டர், ஃபேன், பைப் எல்லாம் கழட்டி, கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக்கி வச்சு, மவுண்டிங் போல்ட்டை எடுத்தோம். செயின் பிளாக்கை வேப்பங்கிளையில் மாட்டச் சொன்னார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். ஏனுங்க, அதுக்கு அடியில நான்ல நிக்கிறேன்? இரும்புப் பைப்ல முக்காலி வாடகைக்குக் கிடைச்சது.

கழட்டும்போது முக்கியமானது பேரிங் கேப். மெயின் பேரிங் கேப்பை பிளாக்கோட சேர்த்து மாட்டித்தான் துளை போட்டிருப்பாங்க. ரெண்டை மூணுக்கு மாத்திப் போட்டா கிராங்க் சுத்தாது, இல்ல சுத்திச் சீக்கிரமே பேரிங்கைத் தின்னும். கனெக்டிங் ராடு கேப்பும் அப்படியே. மாமா கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் சொல்ல, நான் பெயிண்ட்ல எழுதினேன். நட்டு போல்ட்டெல்லாம் முட்டை அட்டையில. நாமக்கல் பக்கத்துல அட்டைக்கா பஞ்சம்?

இந்த 497 இஞ்சினோட பேரிலேயே அளவு இருக்கு: 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். 2956 சிசி. பெரிய லாரியில வந்த 697-க்கும் அதே 97 போர்தான், சிலிண்டர் மட்டும் ஆறு. லைனரை மேலே, நடுவே, கீழேன்னு மூணு இடத்துல, ஒவ்வொண்ணும் ரெண்டு திசையில அளக்கணும். ரிங் திரும்புற மேல் பக்கம்தான் அதிகம் தேயும். எங்களுக்கு ரெண்டாவது சிலிண்டர்ல துரு குழி போட்டிருந்தது, மத்ததுல மேல் பக்கம் தேய்மானம். ஆக லைனர் செட்டு மாத்த வேண்டியதுதான், அந்த வகையில போன் எஸ்டிமேட் சரி. ஆனா கிராங்க்? லேத் பட்டறைப் பெரியவர் மைக்ரோமீட்டர் போட்டுப் பார்த்துட்டு, "ஸ்டாண்டர்டுலயே இருக்குது, எதுக்குங்க கிரைண்டிங்?"னார். பாலிஷ் மட்டும் போட்டு, புது பேரிங்.

இதுலதான் எனக்குக் கோபம். கிராங்க்கை முடி வெட்டுற மாதிரி நினைக்கிறாங்க, வெட்டினா வளரவா போகுது? 10 தவு, 20 தவு, 30 தவுன்னு கால் மில்லிமீட்டர் கணக்குல வாழ்நாள் குறையுது. அளக்காம ஒரு தடவை கிரைண்டிங் போட்டா வண்டிக்காரனோட ஒரு ரவுண்டை அவனைக் கேக்காமலே செலவு பண்ணிட்டோம்னு அர்த்தம்.

லீவு போட்டு உக்காந்தியே, அந்தச் சம்பளத்தைக் கணக்குல சேர்த்தியான்னு அத்தை கேட்டாங்க. சேர்த்தா லாபம் கம்மிதான். வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லைன்னா செய்யவே வேண்டாம்னும் சொல்லிடறேன். ஆனா மூணு வருஷமா "வித்துடு, வித்துடு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்த மனுஷன், பழைய லைனரைக் கையில வச்சுத் தடவிப் பார்த்துட்டு, மண்டிக்கு இப்ப வாடகை எவ்வளவு போகுதுன்னு யாருக்கோ போன் போட்டார். எஃப்.சி எடுக்கணும், டயர் போடணும், அதெல்லாம் இன்னும் இருக்கு.

முதல் ஸ்டார்ட்டுக்கு ரெண்டு விஷயம். ஸ்டாப் லீவரைப் பிடிச்சுக்கிட்டு ஆயில் பிரஷர் ஏற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க. அப்புறம், ரிப்பேர் ஆன டீசல் இஞ்சின் சில சமயம் தன்னால ரேஸ் எடுத்து ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. காத்து போற வாயை அடைக்கத் தோதா ஒரு பலகை வேணும். எங்க மாமா, அத்தையோட சப்பாத்திப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு ரெடியா நின்னார். தேவைப்படலை.